பாடற்காட்சிகளில் குறியும் பொருளும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து அமைந்த சிற்றூர் திருப்புட்குழி. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. இராமானுசர் தம் இளமையில் யாதவப்பிரகாசரிடம் இவ்வூரில் வேதாந்தம் பயின்றார் என்பது மரபுவழிச் செய்தி. ஆசிரியரும் மாணவரும் பிரிய நேர்ந்ததற்கு அம்மரபு கூறும் காரணம் தமிழ் பயில்வோர் சிந்தனைக்கு உரியது. சாந்தோக்கிய உபநிடதத்தில் பரம்பொருளின் கண்களுக்குத் தாமரையை உவமை கூறும் ஓரிடம் உண்டு. அத்தாமரைக்கு அடையாக வரும் 'கப்யாஸம்' என்ற சொல்லுக்கு, குரங்கின் பின்புறம் போலச் சிவந்தது என்று ஆசிரியர் பொருள் உரைத்தார். அப்போது அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் அவர் தொடையில் விழுந்து சுட்டதாம். காரணம் வினவியபோது, அச்சொல்லை வேறுவகையாகப் பிரித்து, கதிரவனால் மலர்த்தப்பட்ட தாமரை என்று இராமானுசர் பொருள் கண்டார்.

சமயக் கொள்கையில் எவர் பக்கம் நிற்பது என்பது ஈண்டு நம் ஆராய்ச்சி அன்று. இருவர் முன்னும் இருந்தது ஒரே சொல், ஒரே மலர். ஆயினும், எந்தப் பொருளோடு எந்தப் பொருளைச் சேர்த்து வைக்கிறோம் என்பதில், உவமிக்கப்படும் பொருளின் மதிப்பு உயரவும் தாழவும் கூடும் என்பதை அந்த இளைஞர் உணர்ந்திருந்தார். உவமை வெறும் அழகுக்காக நிற்பதன்று. அது ஒரு தீர்ப்பையும் உடன் ஏந்தி வருகிறது.

இன்று நம் மாணவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் உவமைகள் ஏட்டில் இருப்பதைவிடக் கைப்பேசித் திரையில் இருப்பவை மிகுதி. நான்கைந்து நிமிடங்களில் முடியும் ஓர் இசைக் காணொளியில் நூற்றுக்கு மேற்பட்ட காட்சித்துண்டுகள் வந்து போகின்றன. அவை ஒவ்வொன்றும் எதையோ எதனோடோ சேர்த்து வைக்கின்றன. எனினும், செய்யுளை ஆராயும் கண்ணோடு அவற்றை ஆராயும் பழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. அப்பழக்கத்திற்கு வேண்டிய கருவிகள் நம் இலக்கணத்திலேயே உள்ளன என்பதைச் சில பாடற்காட்சிகள் கொண்டு விளக்குவோம்.

குறியியல் என்னும் துறை

சுவிட்சர்லாந்து நாட்டு மொழியறிஞர் பெர்தினாந்து த சொசூர் (1857-1913) குறியைக் குறிப்பான், குறிப்பீடு என இருகூறாகப் பகுத்தார். ஒலியோ வடிவமோ குறிப்பான். அது மனத்தில் எழுப்பும் கருத்து குறிப்பீடு. அமெரிக்க அறிஞர் சார்லசு பெர்சு (1839-1914) குறிகளை மூவகைப்படுத்தினார். பொருளைப் போலவே தோன்றுவது உருக்குறி. பொருளோடு இயற்கைத் தொடர்புடையது சுட்டுக்குறி. மக்கள் வழக்கினால் மட்டும் பொருள் பெறுவது குறியீடு.

பிறையைக் கொண்டு இவற்றை எளிதில் உணரலாம். ரமலான் மாதத் தொடக்கத்தில் மேற்கு வானில் நாம் தேடும் பிறை, புதிய மாதம் பிறந்தமைக்குச் சான்று. பிறைகள் மக்களுக்குக் காலத்தை அறிவிப்பவை எனத் திருக்குர்ஆன் (2:189) கூறும். இது சுட்டுக்குறி. கொடியிலும் சுவரொட்டியிலும் வரையப்படும் பிறையோ இசுலாத்தைச் சுட்டும் குறியீடு. உதுமானியப் பேரரசின் கொடிகள் வழியே உலகெங்கும் பரவி நிலைபெற்றது. ஒரு பாடற்காட்சியில் பிறை தோன்றினால், அது வானத்துப் பிறையா சுவரொட்டிப் பிறையா என்று கேட்பதிலேயே ஆய்வு தொடங்கிவிடுகிறது.

தொல்காப்பியர் இவ்வாய்வை வேறு திசையிலிருந்து நடத்தினார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரமும் புள்ளும் பறையும் யாழும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருளைக் கூறி உரிப்பொருளை உணரவைப்பதே உள்ளுறையும் இறைச்சியும். மேலைக் குறியியலில் எளிதில் நழுவிவிடும் ஒன்றை இம்முறை இறுகப் பிடித்துள்ளது. குறிக்கு ஒரு நிலம் உண்டு. அந்நிலத்திலிருந்து பெயர்த்தெடுத்தால் அதன் பொருள் மாறும் என்பதே அது. திருப்புட்குழி என்ற பெயரையே நோக்குக. புள் என்பது பறவை. இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்னும் தலவரலாற்றை அறிந்தவர்க்கே அப்பெயர் பொருள் தரும். அறியாதவர்க்கு அது பேருந்தின் பெயர்ப்பலகையில் காணும் ஊர்ப்பெயர், அவ்வளவே.

பாடல் காட்சியான வரலாறு

அமெரிக்காவில் 1981 ஆகஸ்டு 1 அன்று 'எம் டி.வி.' என்னும் தொலைக்காட்சி நிலையம் இசைக் காணொளிகளுக்கென்றே தொடங்கப்பெற்றது. நம் நாட்டிலோ திரைப்படப் பாடலே அவ்விடத்தை நிரப்பியிருந்தது. சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்காக வெள்ளிக்கிழமை மாலைகளில் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். திரைக்கதையோடு ஒட்டாத தனி இசைக் காணொளி நம் மக்கள் உள்ளத்தில் முதன்முதலாக ஆழப் பதிந்தது, 1988 ஆகஸ்டு 15 அன்று தூர்தர்சன் ஒளிபரப்பிய 'மிலே சுர் மேரா தும்ஹாரா' வழியாக எனலாம். பீம்சேன் சோசியின் குரலில் தொடங்கிப் பல மொழிகளில் தொடரும் அப்பாடலில், தமிழ்ப் பகுதியைப் பாலமுரளி கிருட்டிணா பாடினார். அருவி, ஆறு, கடல் என நீரே அதன் தலைமைக் குறி. பல நீர்கள் கலந்து கடலாவதுபோல் பல குரல்கள் கலந்து ஒன்றாகும் என்ற கருத்தை, மொழி புரியாத சிற்றூர்க் குழந்தையும் உணர்ந்தது.

இத்தகைய காட்சிகளை ஆராய விரும்பும் மாணவர்க்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் ஒலியை அடக்கிவிட்டுக் காட்சியை மட்டும் காண்க. பின்னர்க் கண்ணை மூடிப் பாட்டை மட்டும் கேட்க. சொல் கூறாத எதைக் காட்சி கூறிற்று, இசை எழுப்பிய உணர்வைக் காட்சி எங்கே திருப்பிவிட்டது என்பன அப்போது புலப்படும். இயலும் இசையும் நாடகமும் ஒன்றையே பேசும் இடங்களைக் காட்டிலும் மாறுபடும் இடங்களே ஆய்வுக்கு வளம் மிக்கவை.

சலாமும் வணக்கமும்

விடுதலைப் பொன்விழா ஆண்டாகிய 1997-இல் ஏ.ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் முதன்மைப் பாடல் 'மா துஜே சலாம்'. பரத் பாலா உருவாக்கிய காட்சியில், மக்கள் திரண்டு மிகப் பெரிய மூவண்ணக் கொடியை உயர்த்துவது கண்ணைவிட்டு நீங்காத படிமம்.

இங்கே பிரெஞ்சு அறிஞர் ரோலண்டு பார்த்து 1957-இல் 'தொன்மங்கள்' என்ற நூலில் ஆராய்ந்த ஒரு படம் நினைவுக்கு வருகிறது. 'பாரி மாட்ச்' என்ற இதழின் அட்டையில் பிரெஞ்சுச் சீருடை அணிந்த கறுப்பினச் சிறுவன் ஒருவன் நிமிர்ந்த பார்வையோடு படைவீரர் முறையில் மரியாதை செலுத்துகிறான். படத்தின் நேர்ப்பொருள் அவ்வளவே. ஆயின் அதன் மீது இரண்டாம் பொருள் ஒன்று ஏறி அமர்கிறது: பிரெஞ்சுப் பேரரசு நிறவேறுபாடின்றி எல்லாரையும் தன் மக்களாக ஏற்றுள்ளது, ஆகவே குடியேற்ற ஆட்சியைக் குறை கூறுவோர் வாயடைக்க வேண்டும். வாதமே இன்றி ஒரு வாதம் முடிந்துவிடுகிறது.

கொடியின் முன் முஸ்லிம் கலைஞர் ஒருவர் நிற்கும் காட்சியும் இவ்வாறு இரண்டாம் பொருள் ஏற்கத்தக்கதே. ஆனால் இங்கே அவர் பிறர் எடுத்த படத்திற்குள் நிறுத்தப்பட்ட சிறுவர் அல்லர்; இசை அவருடையது, குரலும் அவருடையது. அத்துடன் சொல்லாட்சியும் கருதத்தக்கது. பங்கிம் சந்திரரின் 'வந்தே மாதரம்' தாய்நாட்டைத் தெய்வமாக உருவகிக்கும் பகுதிகளை உடையது. அவை குறித்து முஸ்லிம்கள் எழுப்பிய மறுப்பை ஒட்டி, முதலிரு பத்திகளை மட்டும் பாடுவதெனக் காங்கிரசுச் செயற்குழு 1937-இல் முடிவு செய்தது. இப்பின்னணியில் 'சலாம்' என்ற சொல் அமர்த்தப்பட்டிருக்கும் நயத்தை உணர்தல் வேண்டும். சலாம் என்பது ஒருவர் மற்றவர்க்கு அமைதி வேண்டும் சொல். வழிபாட்டுச் சொல் அன்று. மண்ணின் மீதுள்ள பேரன்பையும் இறைவனுக்கே உரிய வழிபாட்டையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் அச்சொல் காக்கிறது.

இப்பாடலே தமிழில் 'தாய் மண்ணே வணக்கம்' ஆயிற்று. தமிழகத்தில் வணக்கம் என்பது எல்லார்க்கும் பொதுவான முகமன். தமிழ் முஸ்லிம்களின் மார்க்க நூல்களிலோ தொழுகையும் நோன்பும் 'வணக்கங்கள்' எனப்படுகின்றன. இதனால் மேடையில் வணக்கம் கூறத் தயங்குவோரும் நம்மிடையே உண்டு. முகமனாகவே கொண்டு இயல்பாகக் கூறுவோரும் உண்டு. மார்க்கத் தீர்ப்பு உலமாப் பெருமக்களுக்கு உரியது. சொற்பொருள் ஆய்வு மட்டுமே நம் துறைக்கு உரியது. அவ்வெல்லைக்குள் நின்று கூறுவதாயின், இந்தியில் ஐயத்திற்கு இடமின்றி நின்ற குறி, தமிழுக்கு வந்தபோது கேட்போர் யார் என்பதைப் பொறுத்து இருபொருள்படும் குறியாயிற்று. காட்சியில் ஏறுவது அதே கொடி. அடியில் நிற்கும் சொல் மாறியவுடன் கொடியைப் பார்க்கும் பார்வையும் சிறிது மாறுகிறது.

வளைவும் ஆடையும்

மணிரத்னம் இயக்கிய 'பம்பாய்' (1995) திரைப்படத்தின் இரு பாடற்காட்சிகள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன. 'கண்ணாளனே' என்ற பாடலில் ஒரு முஸ்லிம் இல்லத் திருமண விழா காட்டப்படுகிறது. உயர்ந்த தூண்கள், பூவேலை அமைந்த வளைவுகள், ஆடும் மகளிர் எனக் காட்சி மிக அழகியது. ராஜீவ் மேனனின் ஒளிப்பதிவை எத்துணை முறை கண்டாலும் சலிப்பதில்லை. அவ்வளவுகள் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு உரியவை. 1636-இல் நாயக்க மன்னர் எழுப்பிய அரண்மனை, திரையில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு சிற்றூர் முஸ்லிம் சூழலைக் குறிக்கும் குறியாக நிற்கிறது. வளைவைக் கண்டால் முஸ்லிம் என்று கொள்வது திரைக்காட்சி வளர்த்த வழக்கு. மெய்யான வரலாறு இத்தகைய எல்லைக்கோடுகளை மதிப்பதில்லை. நாகூர் தர்காவின் மினாராக்களுள் மிக உயர்ந்ததாகிய 131 அடி மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் அல்லரோ! காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ உள்ள வீடுகளை அறிந்தவர், நம் திருமண வீட்டின் அடையாளம் அரண்மனைத் தூணில் இல்லை என்பதை நன்கு அறிவர்.

'உயிரே' என்ற பாடல் கேரளத்துக் காசர்கோட்டை அடுத்த பேக்கல் கோட்டையில் படமாக்கப்பட்டது. கடல், மழை, பாசி படர்ந்த கோட்டைச் சுவர், காத்திருக்கும் தலைவன். இது நெய்தல் திணையின் முதற்பொருள். இரங்கல் அதன் உரிப்பொருள். இயக்குநர் தொல்காப்பியம் கருதிச் செய்தாரோ அல்லரோ, தமிழ் நெஞ்சம் அக்கடலைக் கண்டவுடன் பிரிவுத் துயரை உணர்கிறது. இதுவரை குறியும் நிலமும் பொருந்தி நிற்கின்றன. பின்னர்த் தலைவி ஓடி வருகிறாள். அவள் அணிந்த புர்கா ஓரிடத்தில் சிக்குகிறது. அதை விட்டுவிட்டு அவள் தலைவனை நோக்கி ஓடுகிறாள்.

சில நொடிகளே நிற்கும் இக்காட்சி ஒரு பெரிய கூற்றைக் கூறுகிறது. ஆடை தளை, காதல் விடுதலை, தளையைக் கழற்றினாலன்றி விடுதலை இல்லை. இக்கூற்றைக் கட்டுரையாக எழுதியிருந்தால் உடன்படுவோரும் மறுப்போரும் சான்று கேட்டிருப்பர். பாடற்காட்சியாக வந்ததால், இசையின் இனிமையில் கரைந்து, கேள்வியின்றி உட்புகுந்தது. அந்தக் கதையின் அந்தத் தலைவிக்கு அது பொருந்தும் என்று வாதிடுவோர் உளர். படைப்பாளரின் உள்நோக்கத்தை நாமும் ஆராய முற்படவில்லை. நாம் வலியுறுத்துவது, குறி கதையோடு நின்றுவிடுவதில்லை என்பதையே. படத்தின் கதையை மறந்தவர்கூட அக்காட்சியை நினைவில் வைத்துள்ளனர். தோளில் புத்தகப்பையோடு அதே ஆடையில் கல்லூரி வாயிலுக்குள் நுழையும் நம் மாணவிக்கு அது கல்விக்கு வரும் வழியில் உடுத்தும் உடை. அவள் அதை எவ்வாறு பொருள்கொள்கிறாள் என்பதைத் திரை அவளிடம் கேட்டதில்லை. குறியை ஏந்தி நிற்பவர் ஒருவர், அதற்குப் பொருள் வழங்குபவர் வேறொருவர் என்ற நிலையில்தான் சிக்கல் பிறக்கிறது.

உமறுப் புலவர் காட்டிய வழி

பிறரைக் குறை கூறியதோடு அமைவது முறையன்று. நம் சமுதாயப் பாடல்களின் காணொளிகளையும் இதே அளவுகோலால் அளத்தல் வேண்டும். நாகூர் இ.எம். அனிபா (1925-2015) பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற பாடலை அறியாத தமிழர் அரியர். கோயில் திருவிழாக்களிலும் அதை ஒலிபரப்பக் கேட்டிருக்கிறோம். ஏந்திய கை என்பது வலிய குறி. மனிதன் முன் நீளும்போது அது இரவலன் கை. இறைவன் முன் விரியும்போது துஆக் கேட்கும் அடியான் கை. வடிவம் ஒன்றே, யார் முன் என்பதே பொருளை வேறாக்குகிறது. இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் கேட்ட காலத்தில், ஒவ்வொருவரும் தத்தம் கையையே மனக்கண்ணில் கண்டனர்.

இத்தகைய பாடல்களுக்குப் பின்னர்ப் பலர் படம் சேர்த்தபோது பெரும்பாலும் நேர்ந்தது என்ன? ஒட்டகம், பேரீச்ச மரம், மணல்மேடு, மறையும் கதிரவன், மீண்டும் ஒட்டகம். புனிதத் தலங்களின் படங்களைக் காட்டுவதில் உள்ள பக்தியை மதிக்கிறோம். ஆயினும் தஞ்சை வட்டாரத்து முஸ்லிம் உழவர் ஒருவரின் இறையச்சத்திற்கு அவர் அறியாத பாலைவனம் எவ்வாறு உரிய நிலமாகும்?

பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் இதற்கு நேர்மாறான செயலைச் செய்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடப் புகுந்த அவர், சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை மருதநிலமாகப் புனைந்தார். முகில் எழுந்து மலையில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, உழவர் உழுகின்றனர், நாற்று நடுகின்றனர், நெல் விளைகிறது. மக்காவில் நெல்வயல் உண்டா என்று கேட்பவர் உருக்குறிக்கும் குறியீட்டுக்கும் வேறுபாடு அறியாதவர். இறையருளைத் தமிழ் உழவன் அறிந்த ஒரே வடிவம் மழை. 'ரஹ்மத்' என்னும் கருத்தைத் தமிழ் நெஞ்சில் இறக்க வேண்டுமாயின் அதை மழையாகத்தான் இறக்க முடியும் என்று அப்புலவர் கண்டார். அவர் நிலத்தைத் தமிழாக்கினார். நம் காணொளிகளோ தமிழையே பாலைக்குக் கொண்டுபோய் விடுகின்றன. உருவங்களைத் தவிர்த்து எழுத்தணியிலும் வடிவக் கோலங்களிலும் உயர்ந்து நின்ற இசுலாமியக் கலைமரபும் நமக்கு உண்டு. அரபு-தமிழ் எழுத்தையே காட்சியாக விரித்து ஒரு பாடலை அமைக்க இளைஞர் எவரேனும் முன்வருவாராயின் அது புதுமையாகவும் இருக்கும், மரபாகவும் இருக்கும்.

குரலும் இருக்கையும்

கோவையில் 2010-இல் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கென ரகுமான் இசையமைத்து, கௌதம் மேனன் காட்சியாக்கிய பாடலில் குரல்களே குறிகளாக நின்றன. டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா ஆகியோரின் திரையிசைக் குரல், அருணா சாயிராமின் செவ்விசைக் குரல், சின்னப்பொண்ணுவின் நாட்டுப்புறக் குரல், பிளேசேயின் சொல்லிசைக் குரல் என ஒவ்வொன்றும் தமிழின் ஒரு பகுதிக்குச் சார்பாளராக வந்தது.

அரக்கோணம், நாம் தொடக்கத்தில் குறித்த திருப்புட்குழிக்குத் தொலைவில் உள்ள ஊர் அன்று. அவ்வூரைச் சேர்ந்த பாடலாசிரியர் அறிவும் பாடகி தீயும் பாடி, சந்தோசு நாராயணன் இசையில், அமித் கிருட்டிணன் இயக்கத்தில் 2021 மார்ச்சு 7 அன்று வெளிவந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து மீண்டவர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாசுதிரி உடன்படிக்கை 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது என்பதை வரலாறு பயில்வோர் அறிவர். அவ்வரலாற்றின் துயரம் ஒப்பாரியின் சாயலோடு இப்பாட்டில் ஒலிக்கிறது.

'எஞ்சாமி' என்ற சொல்லே ஓர் உள்ளுறை. நிலமற்ற உழைப்பாளி நிலவுடைமையாளரைக் கைகட்டி விளித்த சொல் அது; அதே உழைப்பாளி தன் பேரக்குழந்தையை அள்ளி முத்தமிட்டு அழைக்கும் சொல்லும் அதுவே. அடிமையும் அன்பும் ஒரே ஒலியில் தங்கியுள்ளன. காட்சியில் வள்ளியம்மாள் அரசிக்குரிய இருக்கையில் வீற்றிருக்கிறார். நாற்காலி சாதாரணப் பொருள். ஆனால் நிலவுடைமையாளர் முன் நிற்க மட்டுமே உரிமை பெற்றிருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அதில் அமரும்போது, நூறு மேடைப்பேச்சு கூறாததை அது கூறிவிடுகிறது. இங்கே குறியை ஏந்தி நிற்பவரும் அதற்குப் பொருள் வழங்குபவரும் ஒரே குடும்பத்தினர். 'உயிரே' காட்சியின் ஆடைக்கும் இந்த இருக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்பது நம் துணிபு.

இப்பாட்டின் வரலாறு காணொளியோடு முடியவில்லை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு, இப்பாடலையும் அறிவு எழுதிய மற்றொரு பாடலையும் முன்வைத்து வெளியிட்ட அட்டையில் தீயும் ஈழத் தமிழ்ப் பாடகர் சான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினர். பாட்டி அமர்ந்த இருக்கையின் பொருளை முன்பே உணர்ந்திருந்த மக்களுக்கு, அட்டையில் பேரனுக்கு இடம் இல்லாமையின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்னர் அறிவின் படம் தாங்கிய தனி மின்னட்டை ஒன்றை அவ்விதழ் வெளியிட்டது.